பனங்கூடல் மலை

நாசாவின் கணக்குப்படி என் அம்மாவின் ஊரில் ஒரு மலை இருக்கிறது. கொடிகாமத்துக்குக் கிழக்கே, கண்டி வீதிக்கும் பரவைக்கடலுக்கும் நடுவில். தரை மூன்று மீற்றர், நான்கு மீற்றர் என்று சொல்லிக்கொண்டே வரும் எண்கள் ஓரிடத்தில் பன்னிரண்டைத் தாண்டும். கொஞ்சத் தூரம் அப்படியே போய், பிறகு திரும்பவும் நான்கு, மூன்று. யாழ்ப்பாணத்துக்காரர் யாரிடமாவது இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கீரிமலையில்கூட மலை கிடையாது.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் புவியியல் படிப்பித்த வாத்தியார், நில அளவைத் திணைக்களத்தின் ஒரு அங்குல வரைபடத் தாள்களை மேசையில் விரித்துவைப்பார். நுவரெலியாத் தாளில் சமவுயரக் கோடுகள் கைரேகை போல நெருங்கிக் கிடக்கும். யாழ்ப்பாணத் தாளில் தேடினாலும் ஒரு கோடு அகப்படாது. நூறு அடி உயரத்துக்கு ஒரு கோடு என்பது அந்த வரைபடத்தின் விதி. குடாநாட்டின் ஆக உயர்ந்த மேடும் அந்த நூறில் பாதிக்கு வராது. "உங்கட ஊர் வரைபடம் கீறச் சுகம்" என்று வாத்தியார் பகிடி விடுவார். தரை தட்டையென்று நம்பித்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம்.

அந்த மலை என் கண்ணில் பட்டதற்குக் காரணம் கோல்ப். ஊரில் இருந்த காலத்தில் கோல்ப் மட்டை ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. இலங்கையில் அந்த விளையாட்டு வெள்ளைக்காரத் துரைமாரோடு வந்தது. கொழும்பில் 1879இல் கழகம் தொடங்கினார்கள். அதன் மைதானத்துக்கு ஊடாகவே களனிவெளி ரயில் போகும். நுவரெலியாவில் 1889இல். திகனவில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் ஒன்று பின்னாளில் வந்தது. திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படையிடம் ஒன்று இருக்கிறது. இவை எதுவும் எங்கள் வாழ்க்கைக்குப் பக்கத்தில்கூட வந்ததில்லை.

கனடாவுக்கு வந்த புதிதில் ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு பயிற்சித் திடலில் பந்து பொறுக்கும் வேலை கிடைத்தது. கையால் பொறுக்குவதில்லை, கம்பிக் கூடு அடித்த சின்ன ரக்ரரை ஓட்டிக்கொண்டு போனால் பின்னால் இழுபடும் உருளைகள் பந்துகளை அள்ளும். அடிக்க வந்தவர்களில் பாதிப் பேர் அந்த ரக்ரரைத்தான் குறிபார்ப்பார்கள். கூட்டில் பந்து படும்போது டாண் என்று ஒரு சத்தம். முதல் கிழமை ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையைக் குனிந்தேன். ஏன் அப்படிக் குனிகிறாய் என்று கூட வேலைசெய்த பையன் கேட்டான். பழக்கம் என்றேன்.

பனி விழத் தொடங்கினால் திடலை மூடிவிடுவார்கள். முதலாளி கொரியாக்காரர். அவருடைய நாட்டில் கோல்ப் விளையாடுகிறவர்களில் பலர் புல்லையே மிதிக்காமல், கட்டடத்துக்குள் திரைக்கு முன்னால் நின்று அடிப்பவர்கள். அதே யோசனையில் அவரும் ஒரு மண்டபத்தை எடுத்துச் சிமுலேற்றர்கள் பூட்டினார். பந்தின் வேகம், எழும்பும் கோணம், சுழற்சி எல்லாவற்றையும் கமெராவோ றேடாரோ அளந்து கொடுக்கும். மிச்சத் தூரத்தைத் திரையில் கணினி பறக்கவைக்கும். திரையில் விரியும் மைதானங்களில் பல, ஆர்வத்தில் ஆட்கள் இரவிரவாக இருந்து செய்தவை. கணினி கொஞ்சம் தெரியும் என்று வாயைவிட்டதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. பக்கத்து ஊர் மைதானம் ஒன்றை அப்படியே திரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை.

இந்த வேலையின் உயிர் தரையின் உயரத்தில் இருக்கிறது. படம் எவ்வளவு வடிவாக இருந்தாலும், உருட்டிவிட்ட பந்து உண்மையான மைதானத்தில் வளைவது போல வளையாவிட்டால், அங்கே விளையாடிப் பழகியவர் இரண்டாவது குழியிலேயே மட்டையை வைத்துவிடுவார். ஒன்ராறியோவின் பல பகுதிகளுக்கு லைடார் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளைப் பொழிவார்கள். ஒரே துடிப்பில் ஒரு பங்கு இலையில் பட்டுத் திரும்பும், இன்னொரு பங்கு கொப்புகளுக்கு இடையால் இறங்கித் தரையில் பட்டுத் திரும்பும். கடைசியாக வந்த எதிரொலிகளைப் பொறுக்கி எடுத்தால் மரங்கள் உரிந்து வெறும் தரை மிஞ்சும். அதைக் கியூஜிஐஎஸ்ஸில் வெட்டி, இங்க்ஸ்கேப்பில் குழியைச் சுற்றிய கிரீன், பாதை எல்லைகளைக் கீறி, பிளெண்டருக்கும் யூனிற்றிக்கும் கொண்டுபோனால் மைதானம் எழும்பும். சொல்ல இவ்வளவுதான், செய்யும்போது ஒரு மாரிகாலம் போய்விடும்.

அந்த மைதானம் முடிந்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. அம்மாவின் ஊருக்குத் தரவு தேடினேன். குடாநாட்டுக்கு என்னால் எடுக்கக்கூடிய லைடார் எதுவும் இல்லை. கிடைத்தது விண்ணோடம் அளந்தது.

2000 பெப்ரவரி 11ஆம் திகதி நாசாவின் எண்டெவர் விண்ணோடம் புறப்பட்டது. பூமிக்கு மேல் 233 கிலோமீற்றர் உயரத்தில் நின்று, 60 மீற்றர் நீளமான ஒரு கம்பத்தைப் பக்கவாட்டில் நீட்டி, அதன் நுனியில் ஒன்றும் ஓடத்தில் ஒன்றுமாக இரண்டு அலைவாங்கிகளை வைத்து, பதினொரு நாள் பயணத்தில் உலகின் தரையில் ஐந்தில் நான்கு பங்கை றேடாரால் அளந்தார்கள். வெளிநாடுகளுக்கு முதலில் 90 மீற்றருக்கு ஓர் எண்தான் கொடுத்தார்கள். 30 மீற்றர்த் தரவு 2014இலிருந்துதான் வெளியில் வந்தது. எண்கள் எல்லாம் முழு மீற்றரில். மூன்றரை என்று ஒன்று அங்கே இல்லை.

முப்பது மீற்றர்ச் சதுரம் என்றால் ஒரு கோல்ப் கிரீன் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். ஒன்ராறியோவில் அதே சதுரத்துக்கு மீற்றருக்கு ஒன்றாக என்னிடம் 900 எண்கள் இருந்தன. அம்மாவின் ஊரில் அதற்கு ஒரே ஓர் எண். அதை வைத்துப் பந்து உருட்ட முடியாது. மலையில்லாத ஊருக்கு இது போதும் என்று நினைத்துக்கொண்டுதான் நிழல் போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் அந்த மேடு எழும்பி நின்றது.

முதலில் இது தரவின் இரைச்சல் என்று எண்ணினேன். இந்தத் தரவில் சில மீற்றர் தளம்பல் சாதாரணம். ஆனால் இரைச்சலுக்கு எல்லை இருக்காது. இந்த மேட்டுக்கு இருந்தது. ஒரு பக்கம் ஒழுங்கை வழியே நேராக ஓடி, குளத்தடியில் மடங்கி, கோவில் காணியோடு நின்றது. அன்றிரவே கொடிகாமத்துக்கு அழைத்துப் பெரியம்மாவிடம் இடத்தைச் சொன்னேன். ஒழுங்கை, குளம், வைரவர் கோவில்.

"அது மலையில்லை மோனை, எங்கட பனங்கூடல்" என்றா. "இப்ப அங்கை ஒண்டுமில்லை. வெட்டவெளி."

விண்ணோடத்தின் றேடார் அலை ஐந்தரைச் சென்ரிமீற்றர் சொச்சம் நீளம். அது லேசர் மாதிரி ஓலைக்கு இடையால் நுழைந்து தரையைத் தேடுவதில்லை. பெரும்பாலும் வட்டுக்குள்ளும் ஓலைக்குள்ளும் சிக்கி அங்கிருந்தே திரும்பிவிடும். நெருங்கி நிற்கும் பனைகள் அதற்கு மேடுதான். அந்தக் கூடலை நான் மறந்திருக்க நியாயமில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் சண்டைக்குப் பயந்து எழும்பி எங்கள் ஊர் இருக்கும் தென்மராட்சிக்கு வந்தபோது, வீடுகளும் பள்ளிக்கூடங்களும் கொள்ளாமல் சனம் அந்தப் பனைகளுக்குக் கீழே தறப்பாள் கட்டியிருந்தது. மழைக்காலம். பெரியம்மா வீட்டுக் கிணற்றடியில் வாளிக்கு வரிசை நின்றது. திரையில் மேட்டைப் பார்த்தபோது இதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரவில்லை; மலையென்று எண்ணிய இடத்தில் மரத்தைத் தேட மனம் போகவில்லை.

எண்டெவர் பறந்த அந்தப் பெப்ரவரியில் ஆனையிறவு இன்னும் இராணுவத்தின் கையில் இருந்தது. ஏப்ரல் 22இல் அது விழுந்தது. சண்டை தென்மராட்சிக்குள் வந்தது. சாவகச்சேரி அந்த ஆண்டே இடிபாடானது. "பங்கருக்குத் தறிச்சது பாதி, செல் பட்டுத் தலை போனது பாதி" என்று பெரியம்மா கணக்குச் சொன்னா. பனங்குத்தி போல மண்ணைத் தாங்க வேறு மரம் இல்லை என்பது குடாநாட்டில் குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். ஆக, அந்தத் தரவு எங்கள் ஊரைப் படமெடுத்தது அழிவுக்குச் சில மாதங்கள் முந்தி.

சரிபார்க்க இன்னொரு தரவு கிடைத்தது. ஜேர்மனியின் இரட்டைச் செய்மதிகள் 2011இலிருந்து 2015 வரை அளந்ததை வைத்து ஐரோப்பியர்கள் கொப்பர்னிகஸ் என்ற பெயரில் 30 மீற்றர் உயரத் தரவை இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதுவும் மர உச்சியைக் காட்டும் சாதிதான். இரண்டாயிரமாம் ஆண்டுத் தரவிலிருந்து இதைக் கழித்தேன். இரண்டு மூன்று மீற்றர் வித்தியாசத்தை நான் நம்பவில்லை. அது இரண்டு கருவிகளின் சண்டை. ஏழெட்டு மீற்றர் இறங்கிய இடங்களை மட்டும் சிவப்பாக்கினேன். கண்டி வீதி வழியே கிழக்கே போகப் போகச் சிவப்புத் திட்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் பனங்கூடல் என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. எங்கள் ஊர்த் திட்டுக்கு மட்டும் பெரியம்மா சாட்சி.

கோல்ப் மைதானம் செய்கிற புத்தியோடு ஊருக்குப் போனது பிறகு. அம்மாவின் ஊரில் அதற்கு இடமில்லை. எனக்கு வடமராட்சிக் கிழக்குக் கரையில் கண். பருத்தித்துறையிலிருந்து தென்கிழக்கே வல்லிபுரம் தாண்டினால் மணல் தொடங்கும். மணற்காட்டில் பிட்டி பிட்டியாக நிற்கும். ஸ்கொட்லாந்தில் இந்த விளையாட்டு பிறந்ததே அந்த மாதிரித் தரையில். கடலுக்கும் வயலுக்கும் நடுவே பயிருக்கு உதவாத மணல்மேடுகளில். சின்ன வயதில் வல்லிபுர ஆழ்வார் கோவில் கடல் தீர்த்தத்துக்கு அந்த மணலில் கால் வேக நடந்திருக்கிறேன். குடாநாட்டில் ஏறி இறங்க வேண்டிய தரை என்று நான் கண்டது அது ஒன்றுதான்.

துணைக்கு என் மச்சான் வந்தான். மேசன். ட்ரோனுக்கு அனுமதி தேடி அலைய எனக்கு மனமில்லை. கைபேசியில் உயரம் காட்டும் ஒரு செயலியோடு போனேன். கடற்கரையில் நின்று திறந்தேன். கழித்தல் தொண்ணூறு மீற்றர் சொச்சம் என்றது. மச்சான் எட்டிப் பார்த்தான்.

"உன்ர மெசின்படி நாங்கள் இப்ப கடலுக்கடியில நிக்கிறம் என்ன?"

அந்தச் செயலி பொய் சொல்லவில்லை. செய்மதிகள் உயரத்தை எண்ணுவது கணக்குக்காகச் செய்த ஒரு வழுவழுப்பான முட்டை வடிவத்திலிருந்து. கடல்மட்டம் அந்த முட்டையில் ஒட்டி நிற்பதில்லை. பூமியின் ஈர்ப்பு எங்கே குறைவோ அங்கே அது தாழும். உலகத்திலேயே அது ஆகத் தாழ்ந்த இடம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது, ஏறக்குறைய 106 மீற்றர். யாழ்ப்பாணம் அந்தப் பள்ளத்தின் சரிவில் இருக்கிறது. இதை மணலில் விரலால் கீறி விளங்கப்படுத்தினேன். மச்சான் பொறுமையாகக் கேட்டுவிட்டு மோட்டார் சைக்கிளிலிருந்து தன்னுடைய ரியூப்பை எடுத்து வந்தான்.

அத்திவாரத்துக்கு மட்டம் பார்க்கிற அதே பிளாஸ்ரிக் ரியூப்தான். தண்ணீர் நிரப்பி, விரலால் சுண்டிக் குமிழி எல்லாவற்றையும் வெளியேற்ற வேண்டும். நடுவில் ஒரு குமிழி நின்றாலும் மட்டம் பிழைக்கும். பிட்டியின் அடியில் அடி அங்குலம் குறித்த தடியோடு நான், மேலே ரியூப்பின் மறுமுனையோடு அவன். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வந்து ஆட்டம் அடங்கியதும் சத்தம் போட்டுச் சொல்வான். நான் தடியில் வாசிப்பேன். பிறகு தடி ஒரு படி மேலே போகும். இராவணன் மீசை காலில் குத்த, அடம்பன் கொடியில் ரியூப் சிக்க, பின்னேரம் வரை இப்படி ஏறினோம். கடைசிக் கூட்டலைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. விண்ணோடம் கொடுத்த உயரத்தைவிட அந்தப் பிட்டி நன்றாகவே உயர்ந்து நின்றது. காரணம் விளங்கச் சுகமானது: பிட்டியின் முதுகு முப்பது மீற்றரைவிட ஒடுக்கம். ஒரே சதுரத்துக்குள் முதுகும் சரிவும் பள்ளமும் விழுந்தால் மூன்றும் கலந்த ஓர் எண்தான் மிஞ்சும். தட்டைத் தரையில் இல்லாத மலையை ஏற்றிவைத்த தரவு, இருக்கிற ஒரே மேட்டை அழுத்தித் தேய்த்துவிட்டிருந்தது.

சவுக்கங்காட்டுப் பக்கம் போனபோது இன்னொன்றும் கண்டோம். காற்று குடைந்த பள்ளத்துக்கு ஓரம் வளைவாக இருக்கும். இங்கே சுவர் மாதிரி நேராக வெட்டுப்பட்ட பள்ளங்கள், உள்ளே போய் வந்த ரிப்பர்ச் சில்லுத் தடம். வடமராட்சி கிழக்கில் மணல் அள்ளுவதைப் பற்றி ஊர்ச்சனம் வருசக்கணக்காக முறையிட்டு வருகிறது. அந்த மணல்தான் மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, உப்பைத் தள்ளி நிறுத்துகிறது. நான் இதையெல்லாம் மச்சானுக்குச் சொல்லத் தொடங்கினேன். "வெளிநாட்டுக் காசில எழும்புற வீட்டுக்கெல்லாம் மணல் எங்கையிருந்து வருது எண்டு நினைக்கிறாய்?" என்று கேட்டான். பெரியம்மாவுக்கு வீடு கட்ட நான் அனுப்பிய காசில்தான் அவன் அந்த மாதம் வேலை செய்துகொண்டிருந்தான்.

இழந்த தரையைக் கோல்ப் விளையாட்டுக்காரர்கள் மீட்ட கதை ஒன்று உண்டு. நியூயோர்க் லோங் ஐலண்டில் 1917இல் லிடோ என்று ஒரு மைதானம் திறந்தார்கள். சதுப்பில் கடல்மணலை இறைத்து மேடாக்கிக் கட்டியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. மைதானம் அதோடு போயிற்று. பீற்றர் புளோரி என்ற ஆர்வலர் பழைய படங்களையும் வரைபடங்களையும் வைத்து அதை ஒரு கணினி விளையாட்டுக்குள் மேடு பள்ளம் பிசகாமல் திரும்பக் கட்டினார். அந்தக் கோப்பை நில அளவைத் தரவாக மாற்றி, செய்மதி வழிகாட்டும் புல்டோசர்களுக்குக் கொடுத்து, ரொம் டோக் என்ற வடிவமைப்பாளர் விஸ்கொன்சினில் உண்மையான மைதானமாகவே எழுப்பினார். 2023இல் திறந்தார்கள். இதை வாசித்த அன்று எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் பக்கத்தில் படை எடுத்த காணி திரும்பக் கிடைத்தவர்கள் பற்றைக்குள் தங்கள் கிணற்றை அடையாளம் வைத்து எல்லை தேடியதைக் கேள்விப்பட்டவன் நான்.

மணற்காட்டில் உண்மையாக ஒரு கோல்ப் மைதானம் வேண்டுமா என்றால், வேண்டாம். அந்தப் புல்லுக்குத் தண்ணீர் இறைத்தால் சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் உவர்த்துப் போகும். திரையில் இருக்கும் புல் தண்ணீர் குடிக்காது. அந்தத் துணிவில் ஒன்பது குழிகள் அமைத்தேன். பிட்டிகளை மச்சானின் ரியூப் அளவுக்கு உயர்த்தினேன். வெட்டுப்பட்ட பள்ளங்களை மூடினேன். மணலில் புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோவிலை எல்லைக்கு வெளியே விட்டேன். அதற்குள் பந்து விழுந்தால் அடி ஒன்று கூடும். காற்றுக்குச் சோளகத்தை வைத்தேன். மணற்குழி ஒன்றும் வெட்டவில்லை. பங்கர் இல்லாத மைதானமா என்று கொரியா முதலாளி கேட்டார். இல்லாமல் இருந்தால் நல்லது என்றேன்.

அம்மாவின் ஊருக்கு ஒரே ஒரு குழி செய்தேன். மேட்டை முழுவதும் சீவிச் சுற்றியுள்ள தரையோடு மட்டமாக்கினேன். பிறகு, எந்தெந்தச் சதுரங்களில் எண் எழும்பி நின்றதோ அந்தச் சதுரங்களில் மட்டும் பனை நட்டேன். மென்பொருளில் கிடைத்த மரங்களில் புளோரிடாப் பனையும் கலிபோர்னியா ஈச்சையும் இருந்தன. எங்கள் பனை இல்லை. மச்சான் அனுப்பிய படங்களைப் பார்த்து ஒன்றைச் செய்தேன். வட்டுக்குக் கீழே காவோலை தொங்காமல் முதலில் செய்திருந்ததைப் பார்த்து, "ஆர் ஏறிச் சீவினது?" என்று கேட்டான். காவோலை வைத்தேன். பெரியம்மாவுக்கு வீடியோவில் காட்டியபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தா. குளத்தடி மூலையில் இன்னும் கொஞ்சம் மரம் வரும், அது வடலியாக நின்றது, உங்கட றேடாருக்குத் தெரிஞ்சிருக்காது என்றா. நட்டேன்.

2024 கார்த்திகை வெள்ளத்தில் பெரியம்மாவின் முற்றத்தில் தண்ணீர் ஏறியது. பின்பக்கத்தில் ஓர் அறை கூட்டிக் கட்ட வேண்டியிருந்தது. மச்சான் அழைத்தான். உன்ர கோப்பில எங்கட காணியின்ர உயரம் இருக்குத்தானே, அத்திவாரம் எவ்வளவு எழுப்ப வேணும் எண்டு சொல்லன் என்றான். அந்தத் தரவின் பிழை இரண்டு மூன்று மீற்றர் வரும், அத்திவாரமே மூன்று அடிதான் என்று சொன்னேன்.

"அப்ப உது விளையாடத்தான் சரி" என்றான்.

வீதியின் நடு முதுகிலிருந்து ரியூப் பிடித்து, அதற்கு மேல் மூன்றடி வைத்துக் கல் அடுக்கியிருக்கிறான்.